முதலில் எடை போடுங்கள்: மோட்டார் ஹோமில் பயணம் தொடங்குகிறவர்களுக்கு

உள்ளேயே சமைத்துத் தூங்கக்கூடிய வண்டியான மோட்டார் ஹோம் கைக்கு வந்ததும் பலர் முதலில் போவது கடைக்கு. மடக்கு மேசை, நாற்காலிகள், வெளியே விரிக்கும் பந்தல், சைக்கிள் மாட்டும் சட்டம், வண்ண விளக்குகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒன்றையும் வாங்காமல் ஒரு மாதம் பொறுத்தால் பாதிப் பட்டியல் தானாக உதிர்ந்துவிடும். இந்த வண்டியில் ஒவ்வொரு வசதியும் எடையையோ மின்சாரத்தையோ தண்ணீரையோ தின்றுதான் வாழும். கையிருப்பு எவ்வளவு என்று தெரியாமல் செலவு செய்யத் தொடங்குகிறவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடங்களை முதலில் பார்ப்போம். மேசையும் நாற்காலியும் காத்திருக்கட்டும்.

எடை மேடைக்கு ஓட்டிச் செல்லுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு வரம்பு உண்டு. ஓட்டுநர் கதவருகிலோ இன்ஜின் அறையிலோ பொருத்தப்பட்ட தகட்டில் அது இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்புகளும் அதே தகட்டில் இருக்கும். மொத்த வரம்பிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. விற்பனைத் தாளில் அச்சிட்ட காலி எடையை அப்படியே நம்ப வேண்டாம். பிறகு சேர்த்த பந்தலும் சோலார் பேனலும் கூரைமேல் ஏறிய குளிர்சாதனமும் அந்தக் கணக்கில் வராதவை. லாரிகளை நிறுத்திப் பார்க்கும் எடை மேடையில் உங்கள் வண்டியையும் நிறுத்திப் பாருங்கள்.

பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்துடன் ஓட்டக்கூடிய எல்லை 3,500 கிலோ. அதனால் ஏராளமான மோட்டார் ஹோம்கள் அந்த எண்ணுக்குள் அடங்கும்படியே தயாராகின்றன. அப்படி ஒரு வண்டியின் காலி எடை 2,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 550 கிலோ. இரண்டு பேர் 150. நூறு லிட்டர் தண்ணீர் 100. கேஸ் சிலிண்டர்கள் 40. பந்தல் 30. கூடுதல் பேட்டரி 25. இரண்டு சைக்கிளும் சட்டமும் 50. இன்னும் துணி, பாத்திரம், மளிகை, கருவிப்பெட்டி எதையும் ஏற்றவில்லை. அதற்குள் 395 கிலோ போய்விட்டது. நான்கு பேர் குடும்பமாக இருந்தால் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் பார்க்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் ஏற்றும் சுமை நெம்புகோல்போல வேலை செய்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 50 கிலோ மாட்டினால், பின் அச்சின்மேல் 75 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து 25 கிலோ குறையும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு அந்த 25 கிலோ குறைவது ஈரமான ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். கனமானவற்றைத் தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வையுங்கள். மேல் அலமாரிகள் துணிமணிக்கும் இலேசான பொருள்களுக்கும் மட்டும்.

டயர்: தேய்வதற்கு முன்பே கிழடாகும்

லாரியின் டயர் ஓடித் தேயும். மோட்டார் ஹோமின் டயரோ நின்ற இடத்திலேயே கிழடாகும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலிலும் சுமையிலும் நிற்பதால், மேலே பட்டை புதிதுபோல இருக்கும்போதே பக்கச்சுவரில் வெடிப்பு விடத் தொடங்கும். பக்கச்சுவரில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டுகளைத் தாண்டியதை ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆனதை, எவ்வளவு பட்டை மிச்சமிருந்தாலும், கழற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்னாள் உரிமையாளர் சொல்லும் கதையை விட்டுவிட்டு இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்கலாம்.

காற்றழுத்தத்தைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை அச்சின் எடைதான் தீர்மானிக்கிறது. எடை மேடைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான். பல மோட்டார் ஹோம்களில் ஸ்டெப்னியே கிடையாது, காற்றடிக்கும் சிறு பம்பும் ஓட்டை அடைக்கும் திரவமும் மட்டும் இருக்கும். உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது, ஜாக்கி இந்த எடையைத் தாங்குமா என்பதை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

மின்சாரம்: வாங்குவதற்கு முன் கணக்கு

புதியவர்கள் அதிகம் குழம்புவதும் தேவையில்லாமல் பணம் போடுவதும் இங்கேதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வண்டியில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்ப. மற்றொன்று வீட்டுப் பகுதிக்கு. இரண்டும் வேறு வேலைக்காகச் செய்தவை. இன்ஜின் பேட்டரி ஒரு நொடி பெரும் மின்னோட்டத்தைத் தரும், ஆனால் அடிவரை வடிப்பதைத் தாங்காது. வீட்டு பேட்டரி மெதுவாக, நீண்ட நேரம் தரும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடாதீர்கள்.

அடுத்து, ஒரு தாளை எடுத்து ஒரு நாள் செலவை எழுதுங்கள். ஐந்து எல்இடி விளக்குகள், ஒவ்வொன்றும் 3 வாட், நான்கு மணி நேரம்: 60 வாட்-மணி. கம்ப்ரசர் வகைக் குளிர்பதனப் பெட்டி: வெயிலைப் பொறுத்துச் சுமார் 450. கைப்பேசிகளும் மடிக்கணினியும்: 150. தண்ணீர் பம்ப்: 20. 25 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம்: 200. மொத்தம் 880 வாட்-மணி. 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 73 ஆம்பியர்-மணி.

100 ஆம்பியர்-மணி என்று எழுதிய ஈய-அமில பேட்டரி இதற்குப் போதும் என்று தோன்றும். போதாது. அதைப் பாதிக்குக் கீழே அடிக்கடி வடித்தால் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். ஆக உங்களுக்குக் கிடைப்பது 50 மட்டுமே. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்கும் குறைவு. விலை கூடுதல்தான். இன்னொரு நிபந்தனையும் உண்டு: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. நல்ல பேட்டரியில் உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்றே அதைத் தடுத்துவிடும். மலிவானதில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. ஈய-அமில பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 அருகே என்றால் பாதி. லித்தியத்தில் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காது; திடீரென்று தீர்ந்துபோகும். உள்ளே போகும் வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் கண்காணிப்புக் கருவி ஒன்றை அத்துடன் சேர்த்துப் பொருத்துவது நல்லது. இரண்டாவது பேட்டரியைவிட இந்தச் சிறு கருவியை முதலில் வாங்கச் சொல்வேன்.

சார்ஜ் ஆக மூன்று வழிகள்: ஓடும்போது இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர், நிற்கும்போது சோலார், வண்டிகள் தங்கும் முகாமில் மின் இணைப்பு. புதிய வண்டிகளின் ஆல்டர்நேட்டர்கள் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மின்னழுத்தத்தைத் தாங்களே ஏற்றி இறக்குகின்றன. அதனால் வீட்டு பேட்டரி முழுதாக நிறையாது. இடையில் மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று தேவை. கூரையில் படுக்கையாக ஒட்டிய 200 வாட் பேனல், நல்ல வெயில் நாளில் 700 வாட்-மணி வரை தரக்கூடும். மேகமூட்டத்தில் அதில் ஒரு சிறு பங்குதான். மரநிழலில் வண்டியை நிறுத்தினால் உங்களுக்குக் குளிர்ச்சி, பேட்டரிக்குப் பட்டினி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இன்வெர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2,000 வாட் கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்டினால் இழப்புடன் சேர்த்து 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு விரல் பருமனுள்ள கேபிளும், பேட்டரிக்கு மிக அருகில் தகுந்த ஃப்யூஸும் வேண்டும். மெல்லிய வயரில் இதைச் செய்தால் வயர்தான் முதலில் சூடாகும். தண்ணீர் கொதிக்கவைக்க அடுப்பு இருக்கும்போது இந்த ஆசை எதற்கு என்பது என் எண்ணம். மடிக்கணினிக்கும் கேமராவுக்கும் 300 வாட் சைன் அலை இன்வெர்ட்டர் தாராளம். ஏசியைப் பேட்டரியில் ஓட்டும் கனவை முதல் ஆண்டு முடியும்வரை தள்ளிவையுங்கள்.

முகாமில் மின் இணைப்பு எடுக்கும்போது கேபிளைச் சுருளோடு விட்டுவிடாமல் முழுவதும் பிரித்து விரியுங்கள். சுருண்ட கேபிளில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை உருகிய கதைகள் உண்டு. வண்டிக்குள் இருக்கும் கசிவு மின் பாதுகாப்பு சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறை இணைத்ததும் அழுத்திப் பாருங்கள்.

கேஸ்

இதில் சமரசம் கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதற்காகத்தான் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியிலும் வண்டியின் தரையிலும் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிர் உள்ளே வருகிறது என்று துணி வைத்து அவற்றை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடைக்காதீர்கள். கேஸ் கசிவைச் சொல்லும் அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள்.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேறு. அதற்குத் தனிக் கருவி வேண்டும். சரியாக எரியாத அடுப்பிலிருந்து வரும் அந்த நச்சு வாயு காற்றோடு கலந்து எங்கும் பரவும். வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சமையல் அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவது.

ரப்பர் குழாயில் தயாரிப்புத் தேதி அச்சாகியிருக்கும். காலாவதி ஆவதற்குள் மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்பு நீரைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. வண்டி ஓடும்போது சிலிண்டரின் வால்வை மூடிவையுங்கள். விபத்தில் தானாக அடைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் ஓரளவு விலக்கு உண்டு, எரிபொருள் நிரப்பும் இடத்தில் அந்த விலக்கும் இல்லை. குளிர்ப் பிரதேசங்களுக்குப் போகிறவர்கள் புரோப்பேன் வாங்குங்கள். அது மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டியே நின்றுவிடும், சிலிண்டர் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது.

கேஸில் ஓடும் குளிர்பதனப் பெட்டி இருந்தால் வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்வில் அது ஒழுங்காகக் குளிராது. ஒரு சிறு ரசமட்டமும், சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகளும் வாங்குங்கள். படுக்கும்போது தலைப்பக்கம் தாழாமல் இருக்கவும் அவைதான் உதவும்.

தண்ணீரும் கழிப்பறையும்

நல்ல தண்ணீர் டேங்கை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கிருமி நீக்க வேண்டும். நூறு லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சிங் திரவம் 100 மில்லி என்ற கணக்கில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் அதன் நெடி வரும்வரை திறந்துவிட்டு, குறைந்தது நான்கு மணி நேரம் ஊறவிட்டு வடியுங்கள். பிறகு நெடி அடங்கும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வடிகட்டியை முன்பே கழற்றிவிட வேண்டும். சில வெந்நீர்க் கலங்களின் உலோகத்துக்குக் குளோரின் ஆகாது. கையேட்டைப் பார்த்து அதை விலக்கிவிட்டுச் செய்யுங்கள்.

நல்ல தண்ணீருக்கு உணவுத்தரக் குழாய் ஒன்று தனியாக, கழிவறைத் தொட்டியைக் கழுவ இன்னொன்று. நிறத்தால் பிரித்தாலொழிய ஒரு நாள் நிச்சயம் மாறும். டேங்கை எப்போதும் நிரப்பி ஓட வேண்டாம். போகும் இடத்தில் தண்ணீர் உண்டு என்றால் கால்வாசி போதும். எடையும் எரிபொருளும் மிச்சம்.

கழிவறைத் தொட்டியை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். பாத்திரம் கழுவிய நீரையும் மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது நேரே ஆற்றுக்குப் போகும். முகாம்கள் மோட்டார் ஹோம்களுக்குக் கதவடைப்பதற்கு இந்த அசிங்கமும் ஒரு காரணம். தொட்டியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் பூசுங்கள்; சமையல் எண்ணெயும் வாசலினும் ரப்பரைக் கெடுக்கும்.

இனி கடைக்குப் போகலாம்

தீயணைப்புக் கருவி, தீப்போர்வை, புகை அலாரம், முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், பிரதிபலிக்கும் மேலங்கி. ஃப்யூஸ்கள் ஒவ்வொரு அளவிலும் இரண்டு. உபரித் தண்ணீர் பம்ப், அல்லது அதன் அழுத்த சுவிட்ச். கிளாம்ப், ஒட்டுநாடா, கேபிள் கட்டும் பட்டை, திருப்புளி, ஸ்பானர், நெற்றியில் கட்டும் விளக்கு. இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சமையலறைக்கு வீட்டில் இருப்பதில் பாதியை எடுங்கள். அதிலும் பாதி திரும்பி வரும்.

மேல் அலமாரிகளின் தாழ்ப்பாளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஓடும்போது இந்த வீடு முழுவதும் ஆடுகிறது. திருகுகள் தளரும், குழாய் இணைப்புகள் நெகிழும், தட்டு ஒன்றோடொன்று உரசும். தட்டுகளுக்கு இடையே துணி வைத்தால் சத்தம் அடங்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திருகுகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். சக்கர நட்டுகளையும்தான், குறிப்பாகச் சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு.

வண்டியின் உண்மையான உயரத்தை, கூரையின்மேல் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து, அளந்து எழுதி ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பாலத்தின் பலகையைப் பார்த்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. பின்புறம் நீண்ட வண்டி திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வெளியே வீசும். காலி மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து இதைப் பழகிவிட்டுப் பிறகு ஊர்ச் சந்துக்குள் போங்கள்.

ஓதம்

இன்ஜின் பழுதானால் மெக்கானிக் இருக்கிறார். வண்டியின் உடலுக்குள் தண்ணீர் புகுந்து மரச்சட்டம் உளுத்தால் செலவு பயங்கரமாகும், சில வண்டிகளில் வண்டியின் விலையையே தாண்டும். கூரை ஜன்னல்கள், கூரையும் சுவரும் சேரும் விளிம்புகள், பின் விளக்குகள், பந்தல் பொருத்திய திருகுகள் ஆகியவைதாம் தண்ணீர் புகும் வழிகள். இந்த இடைவெளிகளை அடைக்கும் சீலன்ட் காலத்தால் சுருங்கி வெடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை ஏணி போட்டு ஏறி விரலால் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசுங்கள். மேலே மேலே பூசினால் அடியில் வழி அப்படியே இருக்கும்.

உள்ளே ஈரமானி ஒன்றால் மூலைகளைச் சோதித்துக் குறித்துவையுங்கள். 15 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை; 20-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். கருவி இல்லாதவர்கள் கனமழைக்கு மறுநாள் அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம், சுவரை அழுத்திப் பார்க்கலாம். மெத்தென்று உள்ளே போனால் விஷயம் முற்றிவிட்டது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் புது வால்பேப்பரையும் பலமான வாசனைத் திரவியத்தையும் சந்தேகியுங்கள்.

மூச்சும் சமையலும் விடும் ஈரம் இன்னொரு பக்கம். கூரை ஜன்னலை இரவிலும் சிறிது திறந்துவையுங்கள். ஜன்னல்கள் அக்ரிலிக் ஆனவை; கண்ணாடி துடைக்கும் திரவமும் ஸ்பிரிட்டும் அவற்றில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

முதல் இரவு வீட்டருகே

முதல் பயணத்தை அரைமணி நேரத்தில் திரும்பிவிடும் தொலைவில் வையுங்கள். மின் இணைப்பு எடுக்காமல், எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள்: வெந்நீர், அடுப்பு, சூடேற்றி, கழிவறை, எல்லா விளக்குகளும். காலையில் பேட்டரி எவ்வளவு இறங்கியது, தண்ணீர் எவ்வளவு போனது என்று எழுதுங்கள். தாளில் போட்ட கணக்கு எங்கே பொய்த்தது என்று அப்போது தெரியும். இரண்டாவது பேட்டரி வேண்டுமா, பெரிய பேனல் வேண்டுமா என்பதை அந்த எண்கள் சொல்லட்டும்.

கிளம்பும் ஒவ்வொரு காலையும் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள்: மின் கேபிள் கழற்றியாயிற்றா, படி உள்ளே போயிற்றா, கூரை ஜன்னல் மூடியதா, சிலிண்டர் அடைத்ததா, கட்டைகள் எடுத்ததா, பந்தல் சுருட்டிப் பூட்டியதா. ஒருவர் சொல்ல ஒருவர் பார்ப்பதைவிட, ஒரே ஆள் எப்போதும் ஒரே திசையில் சுற்றி வருவது பிழை குறைந்த முறை.

நிறுத்திவைக்கும் மாதங்கள்

உறைபனி விழும் இடமென்றால் டேங்க், வெந்நீர்க் கலம், குழாய்கள் அனைத்தையும் வடியுங்கள். ஒற்றைக் கைப்பிடிக் குழாயை நடுநிலையில் திறந்துவையுங்கள், இல்லையேல் ஒரு பக்கத்துத் தண்ணீர் உள்ளேயே நின்று உறைந்து உடைக்கும். குளிர்பதனப் பெட்டியின் கதவை இடைவெளிவிட்டு நிறுத்துங்கள். மெத்தைகளைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். ஈய-அமில பேட்டரியை நிறைத்துவிட்டு இணைப்பைத் துண்டியுங்கள். அதை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி நிறைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதிக்குச் சற்று மேலான சார்ஜில் விடலாம்.

மாதம் ஒரு முறை இன்ஜினைக் கிளப்பி நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட்டுகிறவர்கள் அதற்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் ஈரம் எண்ணெயிலேயே தங்கிவிடும். செய்வதென்றால் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். டயரும் பிரேக்கும் அதோடு அசையும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டுக்கும் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. கையேட்டில் எது முன்னால் வருகிறதோ அதன்படி. நீண்ட நாள் நிறுத்தும்போது கை பிரேக்கை இழுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கை பிரேக்கைத் தளர்த்திவிட்டுப் போங்கள்.